ஆடாமல் அணைந்த கற்பூரம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதக் கடைசி. மலையாளக் கணக்கில் மிதுனம் முடிகிற நாள். திருவனந்தபுரத்தில் விடிந்ததிலிருந்து நிற்காத மழை. பாப்பனங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயர் குடோனுக்குள், நானே கட்டிய விண்கலத்தில், நானே பொருத்திய கதவுக் கைப்பிடி என் கையோடு கழன்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேனே, அந்த நிமிஷத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

விண்கலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் விஞ்ஞானி இல்லை. வீடுகளுக்கு உள்ளலங்கார வேலை செய்கிறவள். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகி இருப்பது எல்லாம் இதே ஊர்க் கரமனையில்தான். எங்கள் தெருவில் 'ராக்கெட் ஆபீஸ்' என்று சொல்லிக்கொண்டு காலையில் பஸ் ஏறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் விண்வெளி என்பது எங்களுக்கு ஆச்சரியமான விஷயமே இல்லை. பக்கத்து வீட்டு மாமாவின் டிபன் பாக்ஸ் தினமும் போய்வருகிற இடம், அவ்வளவுதான்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. என்னால் ஒரு இடத்தில் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது நகர்த்தி வைக்கும். சாப்பிடும்போதே நான்கு தடவை எழுந்திருப்பேன். "உன் கால்ல என்ன, மோட்டார் வச்சிருக்கோடி?" என்று அம்மா இன்றும் கேட்பாள். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் பாதி பேசும்போதே மீதி எனக்குப் புரிந்துவிடும். புரிந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டு மேலே போய்விடுவேன் என்பதுதான் சரி.

தொழிலில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. நான் செய்த வீட்டில் எதுவும் கண்ணில் படாது. மிக்ஸி, காஸ் சிலிண்டர், துடைப்பம், செருப்பு, எல்லாம் ஏதாவது ஒரு பலகைக்குப் பின்னால் போய்விடும். அலமாரிக் கதவுகளுக்குக் கைப்பிடி வைக்க மாட்டேன். லேசாக அழுத்தினால் தானே திறக்கும். இடுக்கு, விரிசல், திறந்த மூலை எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஊரிலிருந்து வந்த மாமியார் ஃபிரிட்ஜ் எங்கே என்று அரை மணி நேரம் தேடினாராம். அதை எனக்குக் கிடைத்த பட்டம் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படி நான் செய்த ஒரு சமையலறையைத்தான் அந்த டைரக்டர் பார்த்திருக்கிறார். சின்ன வயது, மலையாளி, முதல் படம். விண்கலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. "சேச்சி, இது அடுக்களையே இல்லை, ஸ்பேஸ்ஷிப். எனக்கு இப்படித்தான் வேண்டும்" என்றார். சினிமா செட் நான் போட்டதே கிடையாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

இரண்டு மாதம் ராவும் பகலும் அதே நினைப்பு. விண்கலங்களின் படமாகப் பார்த்துத் தள்ளினேன். கிளம்பும்போது உள்ளே இருப்பவர்கள் நம்மைப் போல் உட்காருவதில்லை, மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கதவுக் கைப்பிடி எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பைபாஸில் ஒரு புது எலெக்ட்ரிக் கார் சிக்னலில் நின்றது. அதன் கைப்பிடி உடம்புக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தது. ஆள் இறங்கும்போது மட்டும் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது. ஸ்கூட்டரை நடுவழியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் ஹார்னடித்துத் திட்டிய திட்டு இருக்கிறதே! அன்று சாயங்காலமே அதே மாதிரி வேண்டும் என்று வரைந்து கொடுத்தேன்.

வரைந்து கொடுத்தது எங்கள் மேஸ்திரியிடம். என் மரவேலை முழுக்க அவர்தான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். வேலை தேடி இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். இப்படி ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டே பத்து வருடம் ஓட்டிவிட்டோம். வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. பேச்சில்தான் எனக்குப் பொறுமை போய்விடும். எதைச் சொன்னாலும் "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்து, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் விஷயத்துக்கு வருவார். நான் ஊர் எல்லையிலேயே வெட்டிவிடுவேன்.

சினிமாவுக்கு செட் போடுகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் அழகாகச் செய்துவிட்டுப் பின்பக்கத்தைச் சட்டமும் ஆணியுமாக அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆறு பக்கமும் மூடினேன். ஒவ்வொரு இணைப்பிலும் சிலிகான் பசை விட்டு அடைத்தேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க இரண்டு பலகைக்கு நடுவில் ஃபோம் வைத்தேன். கதவின் அடிப்பக்கமே இடுப்பளவு உயரத்தில் இருந்தது. அதைத் தாண்டி ஒரு தொட்டியில் இறங்குவது மாதிரி உள்ளே இறங்க வேண்டும். வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு வெளியே கேமரா. படுக்கிற இருக்கைக்கு அடியில், யாருக்கும் தெரியாத மாதிரி நீளமாக ஒரு அறை. அது சினிமாவுக்குத் தேவையே இல்லை. கை சும்மா இருக்கவில்லை, செய்துவிட்டேன்.

கைப்பிடி விஷயத்தில் மட்டும் சினிமாக்காரர்கள் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். கேமராவுக்குத் தெரியாதது தேவையில்லை. நானும் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டேன். வெளியே நிஜமான தாழ்ப்பாள். உள்ளே கார் மாதிரி பளபளப்பான ஒரு கைப்பிடி, பசை போட்டு ஒட்டியது. இருக்கையின் பெல்ட்டும் அப்படித்தான். நெஞ்சில் தெரிகிற பூட்டு வெறும் பிளாஸ்டிக். நிஜ முடிச்சு இருக்கைக்குப் பின்னால். அண்ணாச்சி அப்போதே கேட்டார்.

"அக்கா, இதுக்குள்ள இருந்து எப்படித் தொறக்க?"

"உள்ளே இருந்து யார் தொறக்கப் போறா அண்ணாச்சி? வெளியே நாப்பது பேர் நிப்பா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த பலகைக்குப் போய்விட்டேன்.

ஷூட்டிங்குக்கு ஆனி கடைசி நாளைக் குறித்தார்கள். காரணம் உண்டு. மறுநாள் கர்க்கடகம், நம் ஆடி, பிறக்கிறது. அந்த ஒரு மாதம் இங்கே யாரும் நல்ல காரியம் ஆரம்பிக்க மாட்டார்கள். தயாரிப்பாளருக்கு அதில் ரொம்பப் பிடிவாதம். முதல் ஷாட் இன்று எடுத்துவிட்டால் மீதியை எந்த மாதத்திலும் எடுக்கலாம், இல்லாவிட்டால் ஆவணி, அதாவது சிங்க மாதம், பிறக்கும்வரை கேமராவைத் தொடக் கூடாது என்றார். அன்று புதன்கிழமை வேறு. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். ஒரு ஷாட், ஒரே ஒரு ஷாட், பன்னிரண்டுக்குள்.

காலை ஆறு மணிக்கே புகைக்காக உலர் பனிக்கட்டி வந்து இறங்கியது. வெந்நீரில் போட்டால் வெள்ளையாகப் புகை கிளம்புமே, மேடைகளில் பார்த்திருப்பீர்கள். நான்கு பெரிய தெர்மோகோல் பெட்டிகள். கொண்டுவந்தவர்கள் மழைக்குப் பயந்து விண்கலத்துக்கு முன்னால், நட்ட நடுவில் வைத்துவிட்டார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவ்வளவு அழகான செட்டுக்கு முன்னால் மீன் பெட்டி மாதிரி நான்கு பெட்டிகள்! "எல்லாத்தையும் ஸீட்டுக்கு அடியில் வையுங்கோ, அங்கே எடம் இருக்கு" என்றேன். வைத்து மூடினார்கள். கண்ணில் படவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பத்தரை மணிக்குப் பூஜை. கேமராவுக்கு மாலை, தேங்காய், எல்லாம் முறைப்படி நடந்தது. அதன் பிறகு ஒரு வழக்கம் உண்டு. செட்டைக் கட்டியவர் முதலில் உள்ளே கற்பூரம் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் நடிகர்கள் கால் வைப்பார்கள். அண்ணாச்சி குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். தட்டைக் கையிலெடுத்து விண்கலத்தின் வாசலில் காட்டினார். சுடர் நன்றாக எரிந்தது. குனிந்து இருக்கைப் பக்கம் தட்டை இறக்கினார். அணைந்துவிட்டது.

மறுபடி ஏற்றினார். வாசலில் எரிந்தது, கீழே இறக்கியதும் அணைந்தது. மூன்றாவது தடவையும் அதேதான்.

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் முகம் கறுத்துப் போனது. மேக்கப் போட்டுக்கொண்டிருந்த நாயகி எழுந்து வந்து பார்த்தார், உடனே போனை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டார். பேசிவிட்டுத் திரும்பி வந்து, "அம்ம சம்மதிக்கில்லா" என்று ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். மணி பதினொன்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்திரனுக்குப் போகிற ஊரில் இருந்துகொண்டு, விண்வெளிப் படமும் எடுத்துக்கொண்டு, கற்பூரம் அணைந்ததற்கு இவ்வளவு பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்களே! "ஃபேன் காத்துல அணைஞ்சிருக்கும். இதுக்குப் போய்" என்றேன்.

அண்ணாச்சி தட்டோடு என் பக்கத்தில் வந்தார். "காத்துல அணைஞ்சா ஆடிட்டு அணையும் அக்கா. இது ஆடவே இல்ல. மேல எரியிது, கீழ கொண்டு போனா பொசுக்குனு போயிருது. எங்க ஊர்ல கிணத்துக்குள்ள…"

"அண்ணாச்சி, இது உங்க ஊர்க் கிணறு இல்லை, ராக்கெட்! உங்க சகுனத்தை எல்லாம் ஊர்லயே வச்சுட்டு வாங்கோ" என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

நான்கைந்து பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். அந்த முகம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை. சொல்ல வந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற முகம்.

சிரிப்பு கிடைத்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. "இதோ பாருங்கோ, நானே முதல்ல உள்ளே போய்ப் படுக்கறேன். பத்து நிமிஷம் இருந்துட்டு வரேன். அப்புறம் அந்தப் பொண்ணு வரட்டும்." டைரக்டருக்கு உயிர் வந்தது. நாயகியும் நானும் ஏறக்குறைய ஒரே உயரம். நான் படுத்திருந்தால் அதற்குள் லைட்டையும் சரிபார்த்துக்கொள்ளலாம். அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இருக்கையில் படுத்துக் காலைத் தூக்கி வைத்தேன். யாரோ வாசல் வழியாகக் குனிந்து, பெல்ட்டை இருக்கைக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டார்கள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மழைச் சத்தம் சட்டென்று காணாமல் போனது. ஃபோம் நன்றாக வேலை செய்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நிமிஷம் பெருமையாக இருந்தது. இணைப்புகளைப் பார்த்தேன், எங்கும் ஒரு கீற்று வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. அப்புறம் மூக்கில் ஏதோ சுருக்கென்றது. கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி. கால் ஆட்ட வேண்டும் போல இருந்தது. பெல்ட் விடவில்லை. மூச்சு வேகமாக வந்தது. ஓடவில்லை, ஏறவில்லை, மல்லாந்து படுத்திருக்கிறேன், எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது? பயமாக இருக்கும், சும்மா படுத்துப் பழக்கமில்லாதவளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பத்து நிமிஷம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு இரண்டாவது நிமிஷத்தில் கத்தினால் என்ன நினைப்பார்கள்?

தலை வலிக்க ஆரம்பித்தது. நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் இடித்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. ஜன்னலில் கேமராவின் கண் மட்டும் தெரிந்தது. அதற்குள் உண்மை உறைத்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே போக வேண்டும், அது ஒன்றுதான் தெரிந்தது. கையை நீட்டிக் கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். அது என் கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒட்டியது நான். பசை காயும்வரை அழுத்திப் பிடித்ததும் நான்.

நெஞ்சில் இருந்த பூட்டை அழுத்தினேன். அது பிளாஸ்டிக். கத்தினேன். என் சத்தம் எனக்கே எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிறகு இரண்டு கையாலும் பக்கத்துப் பலகையை அடிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியாது. என் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை, ஹால் டிக்கெட்டை எந்த டிராயரில் ஒளித்துவைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லையே என்ற எண்ணம் வந்தது. அதுதான் கடைசி.

வெளியே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். டைரக்டரும் மற்றவர்களும் மானிட்டரைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதும் கையால் அடிப்பதும் அதில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நாயகிக்கு எப்படி நடிக்க வேண்டும் என்று நான் செய்துகாட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள். கதையிலும் அந்தப் பெண் அப்படித்தானே அடிக்க வேண்டும்? "அடிபொளி! சேச்சிக்குள்ளே ஒரு நடிகை இருக்கிறாள்" என்று டைரக்டர் கைதட்டியிருக்கிறார். நாற்பது பேர் வெளியே நிற்பார்கள் என்று சொன்னேன் அல்லவா? நின்றார்கள்.

அண்ணாச்சி மானிட்டர் பக்கம் போகவில்லை. நான் சொன்ன சொல்லில் மனம் கசந்து, விண்கலத்துக்குப் பின்னால் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தனியாக நின்றிருக்கிறார். பலகைக்குள்ளிருந்து டொப் டொப் என்று மெல்லிய சத்தம் அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

என்னைப் பற்றி இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். பளபளவென்று லேமினேட் தகடு ஒட்டி முடித்த பலகையில் யார் வெறும் கையை வைத்தாலும் எனக்குப் பொறுக்காது. ரேகை பதிந்துவிடும் என்று வீட்டுக்காரர்களைக்கூடக் கத்துவேன். என் ஆட்கள் எல்லோரும் தோளில் ஒரு துணி வைத்திருப்பார்கள், தொட்டால் துடைக்க. பத்து வருடத்தில் நான் ஒரு பலகையை வெறும் கையால் தொட்டு அண்ணாச்சி பார்த்ததில்லை. அந்த நானா என் கலத்தின் பலகையை இப்படிப் போட்டு அடிப்பது?

அவர் யாரையும் கேட்கவில்லை. தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே குதித்திருக்கிறார். முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. பூஜைக்கும் இடுப்பில் செருகி வந்திருந்த உளியால் பெல்ட்டை அறுத்து, அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி, வாசலுக்கு வெளியே ஒரு பலகையைத் தள்ளுவது போலத் தள்ளினார். டைரக்டர் 'கட்' என்று கத்தினாராம்.

எனக்கு நினைவு வந்தபோது குடோன் வாசலில், மழைச் சாரலில் கிடந்தேன். என் முகத்தில் தண்ணீர் சொட்டியது. எதிரே அண்ணாச்சி இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு குனிந்து இருமிக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் அழுக்கு. நான் ஓவென்று அழுதேன். நாற்பது பேருக்கு முன்னால், நாற்பத்தாறு வயதில், மூக்கு ஒழுக அழுதேன். வெட்கமாகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். உலர் பனிக்கட்டி கரைந்தால் தண்ணீராகாது, கரியமில வாயுவாகும். கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம், அதனால் கீழே தொட்டியில் தண்ணீர் தங்குவது போலத் தங்கிவிடும். காலையிலிருந்து நான்கு பெட்டியும் இருக்கைக்கு அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதைத்தான் கசியவிட்டிருக்கிறது. வெளியே போக நான் ஒரு இடுக்குகூட விடவில்லை. காலைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி, சரியாக அதற்குள் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறேன். நெருப்பு அதில் எரியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான் நானும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தபோது அண்ணாச்சி வாசலில் தயங்கி நின்றார். உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணாச்சி, காலம்பற என்ன சொல்ல வந்தேள்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வெட்ட மாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

"எங்க ஊர்ல கிணத்துக்குள்ள தூர் வார இறங்குததுக்கு முந்தி, கயித்துல விளக்கக் கட்டி இறக்கிப் பாப்போம் அக்கா. விளக்கு நின்னு எரிஞ்சாத்தான் ஆளு இறங்கணும். அணைஞ்சா உள்ள வெசக்காத்து இருக்குன்னு அர்த்தம். அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க சகுனம்னுட்டீய."

அந்தக் குடோனில் நல்ல சகுனம் கெட்ட சகுனம் என்று பயந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அதைக் கேலி செய்தவள் நான். என்ன காற்று என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். அவர் மூன்று தடவை கற்பூரம் ஏற்றியதே பக்தியில் இல்லையாம். முதல் தடவை சாமிக்கு, மற்ற இரண்டும் சோதித்துப் பார்க்க.

"அப்ப நான் உள்ளே போறச்சே தடுத்திருக்கலாமே அண்ணாச்சி?"

"எல்லாரும் சிரிச்சாங்கள்லா" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க்கா. சிரிச்சா சிரிக்கட்டும்னு கையப் பிடிச்சு இழுத்திருக்கணும். அதுதான் மனசு அடிச்சுக்கிட்டே கெடந்துது. அந்த எடத்த விட்டு நகர முடியல" என்றார்.

என் உயிரைக் காப்பாற்றிவிட்டு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதேன். நர்ஸ் வந்து திட்டினார்.

இன்னொன்றை நினைத்தால் இன்றும் தூக்கம் கலையும். என் திமிரில் நான் முதலில் இறங்கினேன். இறங்காமல், பேசிப் பேசியே அந்த நாயகியைச் சம்மதிக்க வைத்திருந்தால்? அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவள் பலகையை அடித்திருந்தால் அண்ணாச்சிக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது. நடிக்க வந்த பெண் நடிக்கிறாள் என்றுதானே நினைத்திருப்பார்?

முதல் ஷாட் அன்று எடுக்கவில்லை. கர்க்கடகம் பிறந்தது. சிங்க மாதம்வரை எல்லோரும் காத்திருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த ஒரு மாதத்தில் நானும் அண்ணாச்சியும் கலத்தின் பின்பக்கத்தை முழுசாகப் பெயர்த்து, சட்டமும் ஆணியும் தெரிய அப்படியே திறந்துவிட்டோம். உள்ளே நிஜமான கைப்பிடி வைத்தோம். புகைக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள். அண்ணாச்சி கற்பூரத் தட்டை அடித்தளம்வரை இறக்கினார். சுடர் நின்று எரிந்தது. நாயகிதான் முதலில் கைதட்டினார். டைரக்டர் அந்தப் பழைய பதிவை என்னிடம் ஒரு தடவை காட்டினார், ரொம்ப வெட்கத்தோடு. பார்த்தேன். சாகப்போகிற ஒருத்தி மாதிரியே இல்லை. நடிப்பு சுமார்தான். அழித்துவிடச் சொன்னேன்.

இப்போதும் வீடுகள்தான் செய்கிறேன். கதவுகளுக்குக் கைப்பிடி வைக்கிறேன், அழகு கொஞ்சம் குறைந்தாலும். ஆள் நுழைகிற அளவு அலமாரியோ குளியலறையோ செய்தால், முதலில் நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். கழன்று வந்த அந்தக் கைப்பிடி என் ஸ்கூட்டரின் முன்பெட்டியில் கிடக்கிறது. சாவி எடுக்கும்போதெல்லாம் கையில் படும்.

ஆனால் அண்ணாச்சி "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்தால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் ஊரைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, மெதுவாக விஷயத்துக்கு வருவார். என் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும், அதை மாற்ற என்னால் முடியவில்லை. அவர் சொல்லி முடிக்கிறவரை என் வாய் மட்டும் திறப்பதில்லை. நான் இன்று இழுக்கிற ஒவ்வொரு மூச்சும், அன்று அவரை முடிக்கவிடாமல் நான் வெட்டிய அந்தப் பேச்சுக்குப் பட்ட கடன்.